மூன்று தொட்டி, மூன்று பெயர், செடி எத்தனை?

செந்துறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே மூன்று சிமென்ட் தொட்டிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஆள் உயரத்தைத் தாண்டிய பச்சைத் தூண்கள், செரியஸ் என்னும் கேக்டஸ் வகை. முதல் தொட்டியின் கழுத்தில் பெயின்ட் மார்க்கரால் ‘பெருவியானஸ்’ என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டாவதில் ‘ஜமகாரு’. மூன்றாவதில் ‘ஹெக்ஸகோனஸ்’. முதலாவது திருச்சி போகும் வழியில் சாலையோர நர்சரியில் வாங்கியது. இரண்டாவது கலிம்போங்கிலிருந்து கூரியரில் வந்தது. மூன்றாவது, அரியலூரில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் தன் வீட்டுச் செடியிலிருந்து வெட்டிக் கொடுத்த போத்து. விலை முறையே 80 ரூபாய், 450 ரூபாய், ஒரு டீ.

வடகம் காயப் போட்ட இடத்தில் காக்கா விரட்ட மாடிக்கு வந்த சித்தப்பா மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏம்பா, மூணும் ஒண்ணாத்தானே இருக்கு. எதுக்கு மூணு பேரு?”

“மூணும் வேற வேற ரகம் சித்தப்பா.”

“யாரு சொன்னா?”

“குடுத்தவங்க சொன்னாங்க.”

சிரித்துவிட்டார். “முந்திரிக் கன்னு வித்தவனும் எங்கிட்ட அப்படித்தான் சொன்னான்.”

செந்துறைக்காரர்களுக்கு இந்தச் சிரிப்பின் பொருள் தெரியும். இது முந்திரிச் சீமை. கொட்டை போட்டு முளைத்த மரம் ஒன்றுக்கொன்று சேராது. ஒன்று கொத்துக் கொத்தாய்க் காய்க்கும், பக்கத்து மரம் நிழலுக்கு மட்டும் நிற்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் வந்து ஒட்டுக்கன்று பரவிய பிறகுதான் ‘ரகம்’ என்ற சொல்லுக்கு இங்கே ஓர் உத்தரவாதம் வந்தது. ஒட்டுக்கன்றின் மேல்பாதி தாய்மரத்தின் துண்டு. ஆகவே தாய் எப்படியோ கன்றும் அப்படி. கன்று வாங்கப் போனால் சித்தப்பா முதலில் கேட்பது விலையை அல்ல, “தாய்மரம் எங்க இருக்கு, காட்டு” என்பார்.

கேக்டஸ் வளர்க்கும் நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

கள்ளி வேறு, கேக்டஸ் வேறு

கேக்டஸ் என்றதும் ஊரில் பலர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியைக் கை காட்டுவார்கள். அதுவும் தூண் மாதிரி, அதிலும் முள், அதிலும் இலை இருந்த இடம் தெரியாது. ஆனால் இரண்டும் தாயாதிகூட இல்லை. சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் மாடியிலிருக்கும் தூணைக் கீறினால் வெள்ளரிக்காய் நறுக்கினது போல நீரும் கொழகொழப்பும்தான் வரும். கீறிப் பார்க்க மனமில்லாதவர்கள் முள்ளைப் பார்க்கலாம். சதுரக்கள்ளியில் முள் இரண்டிரண்டாக, விளிம்பிலிருந்து நேரே கிளம்பும். கேக்டஸிலோ முள்ளுக்கு அடியில் கம்பளிப் பொட்டு வைத்தது போல ஒரு சின்ன மெத்தை இருக்கும். நாங்கள் அதை முள்கண் என்கிறோம். முள், பூ, கிளை எல்லாம் அந்தக் கண்ணிலிருந்துதான்.

கள்ளி நம் மண்ணுக்குப் பழையது. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, கள்ளிக்காட்டில் கத்தும் பல்லியின் ஓசைக்கு, வழிப்பறிக் கள்வர் அம்பின் முனையை நகத்தில் உருட்டிப் பார்க்கும் ஓசையை உவமை சொல்கிறார். கேக்டஸ் அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. மரத்தில் தொங்கும் ரிப்சாலிஸ் என்ற ஒரே ஒரு வகைதான் விதிவிலக்கு. அது ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், இரண்டும் வறட்சி என்ற ஒரே வாத்தியாரிடம் படித்து ஒரே கையெழுத்தில் எழுதுகின்றன. இலையை விட்டுவிடு, தண்டில் தண்ணீர் வை, தண்டை ஆர்மோனியத் துருத்தி போல மடித்து வை, மழை வந்தால் விரி, காய்ந்தால் சுருங்கு. கேக்டஸ் மூச்சுவிடும் துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கும் வழக்கமும் தண்ணீர் மிச்சம் பிடிக்கத்தான்.

வீட்டில் முள்செடி ஆகாது என்று அத்தை என் தொட்டிகளைத் தெருப்பக்கம்கூட வைக்கவிடவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் வருஷத்துக்கு ஒரு முறை இரவில் பூத்து, தெருவே கூடி, கற்பூரம் காட்டிக் கும்பிடும் ‘பிரம்ம கமலம்’ மெக்சிகோ பக்கத்துக் கேக்டஸ் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

பூச்சிக்குத் தெரிந்த வித்தியாசம்

ரகம் மாறிப் போனதால் வந்த வினைகளில் மிகப் பெரியது சென்னையில் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை இருக்கிறதல்லவா, அந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சப்பாத்திக்கள்ளி வகைகளைத் தருவித்துத் தோட்டம் போட்டார்; பெயரில்தான் கள்ளி, சப்பாத்தி கேக்டஸ்தான். கள்ளி அவருக்குப் பொருட்டல்ல. அதன்மேல் வாழும் காக்கினீல் பூச்சி வேண்டும், அதை நசுக்கினால் வரும் சிவப்புச் சாயம் வேண்டும். அந்தச் சாயம் ஸ்பானியர்களின் ஏகபோகமாக இருந்தது. 1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கம்பெனிக்குக் கொண்டாட்டம். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் மெக்சிகோ பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. சாயம் மட்டம், வியாபாரம் படுத்துவிட்டது.

பூச்சி படுக்கவில்லை. அது மோனகாந்தா என்ற ஒரு சப்பாத்திக்கள்ளியைத் தேடித் தேடித் தின்று, அந்த வகையையே பெருமளவு ஒழித்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற இன்னொரு சப்பாத்திக்கள்ளியை அது சீண்டவே இல்லை. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பூச்சிக்கு இல்லை. அந்த இரண்டாவது கள்ளி தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலங்களையும் புறம்போக்கையும் அடைத்துக்கொண்டது. அதை அடக்க 1926-ல் இலங்கை வழியாக வேறொரு காக்கினீல் இனத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் காடு காடாய் நின்ற சப்பாத்தி சரிந்தது.

என் மாடியில் மாவுப்பூச்சி வந்தால் நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். அதன் பங்காளிதான் ஒரு காலத்தில் மாகாணக் கள்ளியையே தின்றது என்று நினைத்தால் கை கொஞ்சம் பயபக்தியோடுதான் போகிறது.

விகாரமே விலை

இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கேக்டஸ் வட்டத்தை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அரியலூர் நண்பர், பெரம்பலூரில் ஒரு கல்லூரி மாணவி, ஜெயங்கொண்டத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் திண்ணையில் கூடுவோம். செய்தித்தாளில் சுற்றிய போத்துகள் கை மாறும். தூண் வகைகள்தான் எங்களுக்குத் தோது. உருண்டை வகைகள் விலை அதிகம், வளர்ச்சி ஆமை. தூணை வெட்டினால் ஒன்று இரண்டாகும்.

தூணிலும் நேராக வளர்கிற தூணுக்கு மதிப்பில்லை. வளர்ச்சி நுனி குழம்பி, முள்கண்கள் இடம் மாறி, பாறை உருகி வழிந்தது போல நிற்கும் ‘மான்ஸ்ட்ரோஸ்’ வகைகளுக்குத்தான் கிராக்கி. நுனி ஒரே புள்ளியாக இல்லாமல் கோடாக விரிந்து விசிறியானால் அது ‘கிரெஸ்ட்’. நம் கோழிக்கொண்டைப் பூவிலும் அதே கோளாறுதான், அதனால் நாங்கள் கொண்டை என்றே சொல்கிறோம். கொண்டைக்கும் விகாரத்துக்கும் ஒரு குணம் உண்டு: எப்போது வேண்டுமானாலும் ஒரு கிளை பழைய புத்திக்குத் திரும்பி நேராக வளரத் தொடங்கும். நேர்க்கிளைக்கு வேகம் அதிகம். வெட்டாமல் விட்டால் இரண்டே வருஷத்தில் விகாரத்தை அமுக்கிவிடும். ஜெயங்கொண்டம் சார் அப்படி ஒரு நல்ல செடியை இழந்தார். “பையன் நல்லா வளர்றானேன்னு விட்டுட்டேன்” என்றார்.

ஃபேரி கேஸில் என்று ஒன்று எல்லா நர்சரியிலும் கிடைக்கும். குட்டிக் குட்டிக் கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பச்சைக் கோட்டை. செரியஸ் என்று சொல்லித்தான் விற்பார்கள். தாவரவியலார் இப்போது அதை அகாந்தோசெரியஸ் வகையறாவில் வைக்கிறார்கள். பூப்பது மிக மிக அரிது. பெரம்பலூர் மாணவியின் தொட்டியில் சிவப்பாய் ஒரு பூ பார்த்து ஓடிப்போனேன். நர்சரிக்காரர் பசை வைத்து ஒட்டிய காகிதப்பூ.

மிர்ட்டில்லோகேக்டஸ் இன்னொரு பக்கம். மெக்சிகோவில் கரம்புல்யோ என்று இதன் சின்னப் பழத்தைத் தின்கிறார்கள். ஜப்பானியர்கள் இதற்கு ‘நாகதேவ மரம்’ என்ற பொருளில் ரியூஜின்போகு என்று பெயர் வைத்து, அதிலிருந்து ஃபுகுரோகு என்ற ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். பட்டைதோறும் வரிசையாகப் புடைத்த மொட்டு மொட்டான அமைப்பு. எங்கள் வட்டத்தில் அதற்கு வழங்கும் செல்லப்பெயரைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

எனக்குப் பிடித்தது செரியஸ் ஃபோர்பெசியின் திருகு வகை. விதையிலிருந்து வரும்போது சாதுவாக நேரே நிற்கும். கொஞ்சம் உயர்ந்த பிறகுதான் பட்டைகள் திருகத் தொடங்கும்; சில நாற்றுகள் கடைசிவரை திருகுவதே இல்லை. அரியலூர் நண்பர் தன் திருகுச் செடி நிற்கும் அலமாரியில் ஒரு அம்மோனைட் வைத்திருக்கிறார், தாத்தா காலத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்ததாம். செந்துறை, நினியூர், அரியலூர் எல்லாம் ஒரு காலத்தில் கடலடி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மோனைட்டுகள் அழிந்து 6.6 கோடி ஆண்டு. கேக்டஸ் குடும்பம் தோன்றியது அதற்கெல்லாம் வெகு பின்னால், ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுக்கு முன்புதான் என்கிறார்கள். கல்லில் ஒரு சுருள், பச்சையில் ஒரு சுருள். பக்கத்தில் பக்கத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சுண்ணாம்பு செய்த ஏமாற்று

இரண்டு செடியை ஒப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் இரண்டு வீட்டு வெயிலையும் இரண்டு வீட்டுத் தண்ணீரையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது.

‘நீலத் தூண்’ விவகாரம் ஒன்று. பிரேசிலின் பைலோசோசெரியஸ் வகைகளில் தண்டின்மேல் மெழுகுப் பூச்சு படிந்து, வானத்தைத் தொட்டு வைத்தது போல நீலமாய் இருக்கும். அரியலூர் நண்பர் தன்னிடமும் நீல வகை இருப்பதாகப் படம் அனுப்பினார். நேரில் போய்ப் பார்த்தேன். கட்டைவிரலால் தேய்த்தால் மெழுகு வழுவழுப்பாக விலகி, அடியில் பச்சை தெரியும். தேய்த்த தடம் திரும்ப மூடாது. இவர் செடியில் விரலுக்கு நறநறவென்று இருந்தது. வினிகரில் நனைத்த துணியால் துடைத்தோம். நீலம் மொத்தமும் துணிக்கு வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் பூமியின் போர்த் தண்ணீரைத் தினமும் தலைவழியே ஊற்றியதில் படிந்த உப்பு. அன்றிலிருந்து அவர் மழைநீரை டிரம்மில் பிடிக்கிறார்.

வெயிலும் அப்படித்தான். வராந்தாவில் வைத்த செடி வெளிச்சத்துக்கு ஏங்கி ஒல்லியாய் நீளும், முள்கண்களின் இடைவெளி அதிகரிக்கும், முள் சிறுக்கும். அதே தாயின் போத்து மாடி வெயிலில் தடித்து, முள் நீண்டு, வேறு சாதி போல நிற்கும். பட்டைகளை எண்ணி ரகம் சொல்கிறவர்கள் ஒரே தூணில் கீழே ஐந்தும் மேலே எட்டும் எண்ணிவிட்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானே விழித்திருக்கிறேன். இளம் தண்டில் அடர்ந்த முள், கிழத்தண்டில் உதிர்ந்து வழுக்கை. ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே வெயில், ஒரே வயது. நாற்றங்காலில் நெல் ரகம் பார்க்கிறவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மண் எங்கள் ஊரில் கிடைப்பதுதான்: செம்மண் ஒரு பங்கு, சலித்துத் தூசு போக்கிய எம்-சாண்ட் ஒரு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டும் கரித்துண்டும் சேர்த்து ஒரு பங்கு, ஒரு கைப்பிடி மண்புழு உரம். கோடையில் செடி சாவதில்லை. புதிதாக வாங்கியதை நேரே சித்திரை வெயிலில் வைத்தால் தோல் வெந்து தழும்பாகும், அவ்வளவுதான். சாவு ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் பிடித்தால் வேர் மூச்சு முட்டி அழுகும்.

கூரியரில் வந்த அந்த 450 ரூபாய்ச் செடி முதல் கார்த்திகையிலேயே அடித்தண்டு பிசுபிசுத்தது. வந்தபோதே அடியில் அழுகல் ஒளிந்திருந்ததோ என்னவோ. விற்றவருக்குப் படம் அனுப்பினேன், பதில் இல்லை. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, கீழிருந்து விரற்கடை விரற்கடையாக வெட்டிக்கொண்டே வந்தேன். வெட்டுமுகத்தின் நடுவில் மோதிரம் போல ஒரு வளையம் தெரியும், செடியின் ரத்த ஓட்டமெல்லாம் அதில்தான். அந்த வளையத்தில் காப்பி நிறத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் அழுகல் மேலே ஏறிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தேன். பதினோராவது வெட்டில் வளையம் வெளுப்பாய்ச் சுத்தமாக வந்தது. மிச்சம் ஒரு ஜாண். அதை மாடிப்படி அடியில் நிழலில் மூன்று வாரம் படுக்க வைத்தேன். வெட்டுவாய் காய்ந்து உள்ளே குழிந்து, பழைய செருப்புத் தோல் மாதிரி ஆன பிறகு வறண்ட மண்ணில் நட்டேன். வேர் அந்த வளையத்திலிருந்துதான் கிளம்பியது. முருங்கைப் போத்தை வெட்டி அன்றே ஊன்றுகிற ஊரில், மூன்று வாரம் காயப்போடுவதைப் பார்த்த அம்மா, “கருவாடா போடுற?” என்று கேட்டார்.

பெருவில் இல்லாத பெருவியானஸ்

செடி பிழைத்தது. பெயர்கள்தான் பிழைக்கவில்லை. முதல் தொட்டியின் ‘பெருவியானஸ்’ பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லின்னேயஸ் 1753-ல் பெருவின் பெயரைச் சேர்த்து ஒரு தூண் கேக்டஸுக்குப் பெயரிட்டார். அது பெரு நாட்டுச் செடி இல்லை. இன்று புத்தகங்கள் அந்தப் பெயரை வெனிசுலா, குராசோ பக்கத்து ரெபாண்டஸ் என்ற செரியஸோடு சேர்க்கின்றன. ஆனால் உலகம் முழுக்க அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பங்கு தெற்கு பிரேசில், உருகுவே பக்கத்து ஹில்ட்மேனியானஸ், அல்லது ஜமகாரு, அல்லது இவற்றின் கலப்பு. சண்டிகரை ஒட்டிய பஞ்ச்குலாவில் டாக்டர் ஜே.எஸ். சர்க்காரியா 1987-ல் தொடங்கிய 7 ஏக்கர் கேக்டஸ் தோட்டம் போன்ற இடங்களில் பெயர்ப் பலகையோடு பார்த்துத் தெளியலாம். செந்துறையிலிருந்து அது கொஞ்சம் தூரம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். ஆண்டிஸ் மலையின் சான் பெட்ரோ என்னும் தூண் கேக்டஸ், ‘சாவின்’ என்னும் பழைய கோயிலின் கல்லில் ஒரு உருவம் கையில் பிடித்திருக்கும் அளவுக்கு அங்கே புனிதம். அது அமெரிக்க நர்சரிகளுக்குப் போனபோது ஒரே ஒரு தாயின் போத்துகள் நாடெங்கும் பரவிவிட்டன. அங்குள்ள வளர்ப்பாளர்கள் அதற்கு ‘பி.சி.’ என்று சுருக்கப்பெயரே வைத்துவிட்டார்கள், எங்கும் நிறைந்த ரகம் என்ற பொருளில். ஆயிரம் வீட்டில் ஆயிரம் செடி, உயிர் ஒன்று.

இரண்டு செடி ஒரே உயிரா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை என்பதை இஸ்ரேலிலிருந்து கற்றேன். பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் யோசெஃப் மிஸ்ராகியும் அவினோவாம் நெர்டும் நெகேவ் பாலைவனத்துக்கு ஏற்ற பயிர் தேடி, என் மாடியிலிருக்கும் இந்தச் செரியஸைத் தோப்பாக வளர்த்தார்கள். அதன் பழம் ‘கூபோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அங்கே ஒரு ரகத்தை மட்டும் நட்டால் காய் இல்லை. செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தன் போத்திலிருந்து வளர்ந்த செடியின் மகரந்தத்தையும் ஏற்காது, ஏனென்றால் அதுவும் தானே. வேறு தாயின் மகரந்தம் வந்தால்தான் காய் நிற்கும். ஊரில் பல வீடுகளில் தூண் கேக்டஸ் பூத்துப் பூத்து உதிர்வது ஏன் என்ற என் பழைய கேள்விக்கும் இது ஒரு பதில்.

போன வருஷத்துக்கு முந்தின ஆனியில், இரண்டு மழைக்குப் பிறகு, மூன்று தூணிலும் மொட்டு வந்தது. மூன்றும் ஒரே இரவில் விரியும் என்று பத்து நாள் காத்திருந்தேன். ராத்திரி எட்டரைக்கு மேல் ஒவ்வொன்றும் வெளியிதழைத் தளர்த்தி, ஒரு ஜாண் அகலத்துக்கு வெள்ளையாகத் திறந்தது. பிரேசிலில் இதற்கு நீள நாக்குள்ள பெரிய விட்டில்கள் வருமாம். செந்துறையில் நான் வந்தேன், மருமகளின் வாட்டர் கலர் பிரஷ்ஷோடு. எந்தப் பூவுக்கு எதன் மகரந்தம் என்று காம்பில் கலர் நூல் கட்டினேன்.

பெருவியானஸின் மகரந்தம் ஏறிய ஜமகாரு பூ காம்போடு நின்றது. பெருவியானஸும் ஹெக்ஸகோனஸும் கலந்தது நின்றது. ஜமகாருவும் ஹெக்ஸகோனஸும் கலந்த பூ ஆறாம் நாள் மஞ்சளாகி விழுந்தது. வெயிலாக இருக்கும், என் கைப்பிசகாக இருக்கும் என்று அடுத்த வருஷம் நாலு பூவில் திரும்பச் செய்தேன். நாலும் விழுந்தன.

சித்தப்பாவிடம் சொன்னேன். 450 ரூபாய்ச் செடியும் டீக்கு வந்த செடியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று.

“நானூத்தம்பது ரூபாய்க்கு எத்தன டீ?” என்றார்.

தின்னரால் துடைத்து இரண்டு தொட்டியிலும் புதிதாக எழுதினேன்: டீ-1, டீ-2. நின்ற காய்கள் ஒன்றரை மாதத்தில் எலுமிச்சையைவிடப் பெரிதாகிச் சிவந்து, தாமாகவே வெடித்தன. உள்ளே தேங்காய்த் துருவல் போல வெள்ளைச் சதை, எள்ளைப் போலக் கறுப்பு விதை. இனிப்பு லேசுதான். விதைகளில் கொஞ்சத்தைத் தட்டில் தூவி, மேலே கண்ணாடி மூடி வைத்தேன். இப்போது சுண்டுவிரல் உயரத்தில் அறுபதுக்கு மேல் நிற்கின்றன. ஒன்றில் முள் மஞ்சள், ஒன்றில் கறுப்பு, ஒன்று குண்டு, ஒன்று நெட்டை. கொட்டை போட்டு முளைத்தவை, ஒன்றுக்கொன்று சேரவில்லை.

சித்தப்பா தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல முள்ளாக இரண்டைக் காட்டினார். “இத எனக்குக் குடு. முந்திரித் தோப்பு ஓரமா வெக்கிறேன், ஆடு அண்டாது.”

“என்ன பேருன்னு எழுதிக்கிறது சித்தப்பா?”

“வேலின்னு எழுதிக்க.”